கிரீன் ஓரத்தில் நின்றுபோன கை

கோல்ஃப் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு நீங்கள் நாலு பேர் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற மனுஷன் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார், அனுபவத்தை எழுதித் தரட்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். கேட்டது உங்கள் தப்பு. இதைப் படித்தால் உற்சாகம் வரும் என்று நினைத்தீர்களானால் இங்கேயே மடித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம்.

மட்டையை எப்படிப் பிடிப்பது, காலை எங்கே வைப்பது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. போனைத் திறந்தால் அதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது, அதில் பேசுகிறவர்கள் என்னைவிட நன்றாகவே பேசுகிறார்கள். பக்கத்தில் நின்று ஒருவர் கையைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு என்ன நேரும் என்பது மட்டும் அந்த வீடியோக்களில் இல்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

நம் மைதானத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். திருப்பூரை ஒட்டித் தாராபுரம் ரோட்டில் நாலு ஏக்கர். பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஏழெட்டு முதலாளிகள் சேர்ந்து குத்தகைக்கு எடுத்தது. முழு ஆட்டம் ஆடும் அளவுக்கு நிலமும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. அதற்கு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் போய்விடுவார்கள். இங்கே இருப்பது ஒரே ஒரு கிரீன். குழியும் கொடியும் உள்ள, ஒட்ட வெட்டிய புல்தரை. அதைச் சுற்றிக் கொஞ்சம் வளர்ந்த புல், இரண்டு மணல் பள்ளம், ஓங்கி அடித்துப் பழக ஒரு வலை. கோயம்புத்தூரில் பிறர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து, அப்படியே ஆட்டம் கற்று, பிறகு சொல்லிக்கொடுக்கிற ஆளாகி, கடைசிப் பதினோரு வருஷத்தை இந்த ஒரு கிரீனைச் சுற்றியே ஓட்டினேன்.

கிரீன் ஓரத்து ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள யாரும் ஆசையாக வர மாட்டார்கள். எல்லோருக்கும் பந்து பறக்க வேண்டும். வலை கிழிகிற மாதிரி நாலு அடி அடித்தால்தான் வந்ததற்கு ஒரு திருப்தி. ஆனால் ஆட்டத்தில் மானம் போவது கடைசி முப்பது அடி தூரத்தில்தான். பந்தை மெல்லத் தூக்கிப் புல்மேல் இறக்கி உருளவிட வேண்டும், சிப் என்பார்களே, அது. அதற்குத் தோள் பலமும் வேண்டாம், உடம்பும் வேண்டாம். கை போதும். அந்தக் கை அங்கே ஒளிந்துகொள்ள முடியாது. கண்டெய்னர் கிளம்பவில்லை என்றால் போனிலேயே துறைமுகத்தைக் கிடுகிடுக்க வைக்கிற முதலாளிகள், இருபதடி தூரத்துக் கொடியைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி விழிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இங்கே வந்த முதல் வருஷம் நூல் வியாபாரி ஒருவர் சிக்கினார். நல்ல மனிதர், சொன்னதைக் கேட்பவர். அதுவே அவருக்கு வினையாகப் போனது. ஒரே காலையில் பிடி, முழங்கை, எந்தக் காலில் எடை, பார்வை, மணிக்கட்டு என்று ஐந்து திருத்தம் சொன்னேன். என் அறிவை அவருக்குக் காட்ட வேண்டுமே. மறுநாள் அவரால் பந்தைத் தொடவே முடியவில்லை. அடுத்த வாரம் மட்டைகளை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். தெரிந்ததையெல்லாம் சொல்லக் கூடாது என்று அன்றைக்குக் கற்றேன். அது பாதிப் பாடம்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கோயம்புத்தூரில் எனக்குத் தொழில் காட்டியவர் ஒருவர் இருந்தார். அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் என்னைப் பக்கத்தில் நிறுத்தி, பந்து போனதும் எல்லோரும் பந்தைத்தான் பார்ப்பார்கள், நீ ஆடினவரின் கையைப் பார் என்றார். அன்றிலிருந்து கையைத்தான் பார்த்தேன். அதில் நான் கெட்டிக்காரன், பெருமைக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கையில் நம் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று தெரிந்தால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி வேலுச்சாமி விஷயத்துக்கு வருகிறேன்.

வேலுச்சாமிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வீடு நம் ஊர் ராயபுரம். தறிக்காரக் குடும்பம், முருகனைத் தவிர வேறு யாரிடமும் தலை குனியாதவர்கள். அவர் வேறொருவருடைய கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து, பிறகு சொந்தமாகக் குழந்தைகள் உடுப்பு தைக்கும் கம்பெனி தொடங்கியவர். இருநூறு பேர் வேலை செய்தார்கள். அவருடைய சொத்து என்ன என்று திருப்பூரில் யாரைக் கேட்டாலும் கட்டிடத்தைச் சொல்ல மாட்டார்கள், கையைச் சொல்வார்கள். அவ்வளவு கைராசி. புதிதாக ஒரு ஆர்டர் வந்தால் முதல் வெட்டு அவர்தான் வெட்ட வேண்டும். துணியை அடுக்கடுக்காக மேசையில் விரித்து, முருகன் படத்துக்குச் சூடம் காட்டி, கத்தி வைத்த கட்டிங் மெஷினைக் கையால் தள்ளி ஓட்டி முதல் பீஸை அவர் வெட்டி எடுத்த பிறகுதான் தையல் மெஷின்களில் ஆட்கள் உட்காருவார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்கிற பெண்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள், ஒடிசாக்காரர்கள் கும்பிட்டு நிற்பார்கள். அடுத்தவர்கள்கூடப் புது யூனிட் தொடங்கினால் அவரைக் கூட்டிக்கொண்டுபோய் முதல் வெட்டு வெட்டச் சொல்வார்கள்.

வெட்டுகிறவர்கள் இடது கையில் இரும்பு வலைக் கையுறை போட்டிருக்க வேண்டும். அவர் கம்பெனியில் அதில் கண்டிப்பு. போடாதவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆனால் முதல் வெட்டுக்கு மட்டும் அவர் போட மாட்டார். அது சாமி காரியம், அதற்கு வெறும் கைதான். இது நான் பிற்பாடு தெரிந்துகொண்டது.

சில வருஷமாக மற்ற முதலாளிகளோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஆடப் போய்க்கொண்டிருந்தார். சுமாராக ஆடுவார். ஒரு மார்கழிக் காலை நம் மைதானத்துக்கு வந்து, மற்றதெல்லாம் இருக்கட்டும், கிரீன் ஓரத்து ஆட்டத்தை மட்டும் சரிசெய்து கொடுங்கள் என்றார். என்ன தொந்தரவு என்று கேட்டேன்.

"பந்துகிட்ட நின்னா கை கெளம்ப மாட்டீங்குதுங்க மாஸ்டர். கெளம்புனாலும் பாதியில நின்னுக்குது."

ஆடச் சொன்னேன். அப்படியேதான் இருந்தது. மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்துவிட்டு நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பிறகு கை கிளம்பிப் பாதி வழியில் தயங்கி, பந்தை நாலடிக்கு நகர்த்தியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். தெரிந்த கோளாறு. இதற்கு யிப்ஸ் என்று பெயர், பெரிய ஆட்டக்காரர்களுக்கே வரும், பயத்தில் கை இழுத்துக்கொண்டு நின்றுபோவது. எனக்கு நன்றாகத் தெரிந்த நோய் ஒன்று நடந்து வந்து எதிரில் நிற்கிறது என்று நினைத்தேன்.

அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, வெட்டு மேசையிலும் இப்படி இரண்டு தடவை ஆகிவிட்டது என்றார். மெஷின் கோளாறு என்று சொல்லிச் சமாளித்தாராம். இன்னொரு தடவை இருநூறு பேர் முன்னால் கை நின்றால், ராசி போய்விட்டது என்று பேசிவிடுவார்கள். அதை அவரால் தாங்க முடியாது. அவரே அதை நம்பிவிடுவார் என்பதுதான் அவருக்குப் பெரிய பயம். இங்கே சரியாகிவிட்டால் அங்கேயும் சரியாகிவிடுமா என்று கேட்டார்.

"ரெண்டும் ஒரே பயந்தானுங்க. இங்க போயிருச்சுன்னா அங்கயும் போயிருமுங்க" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த தைரியம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது, கேட்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

வாரத்துக்கு நாலு நாள் வந்தார். நூல் வியாபாரியிடம் கற்ற பாடம் இருந்ததே, ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன். பாதியில் நிறுத்தாதீர்கள். கிரீன் ஓரத்தில் ஆகப் பெரிய தப்பு, அடிக்கப் போகும்போது கையைத் தளர்த்துவது. சந்தேகம் வந்தால் நிற்காதீர்கள், இன்னும் தள்ளுங்கள். அவர் அதை மனப்பாடம் செய்துகொண்டார். பந்துக்கு முன்னால் நின்று உதட்டுக்குள்ளேயே சொல்லுவார், "நிறுத்தாத, தள்ளு." சில நாள் பத்துக்கு ஏழு பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் பைத்தியக்காரர்கள் மாதிரி சந்தோஷப்பட்டுக்கொள்வோம். மூலனூரில் இருந்த உறவுக்காரர்கள் அவருக்குக் கொடுத்த முருங்கைக்காய்க் கட்டிலிருந்து பாதியை எனக்குத் தந்துவிட்டுப் போவார்.

கையைப் பார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா. எல்லாவற்றையும் பார்த்தேன். பத்துக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தேன். வாரம் போகப் போக அவர் எழுத்து சிறிதாகிக்கொண்டே வந்தது. எறும்பு ஊர்ந்த மாதிரி ஆயிற்று. எண்ணிக்கை குறைவதால் வெட்கப்பட்டுச் சின்னதாக எழுதுகிறார் என்று நினைத்தேன். பந்தைப் பொறுக்க நடக்கும்போது இடது கை வீசும், வலது கை வீசாது. மட்டையைப் பிடித்துப் பிடித்து வந்த பழக்கம் என்று நினைத்தேன். நான் கிண்டல் செய்தால் வாய்விட்டுச் சிரிக்கிற மனிதர், சிரிப்பதை நிறுத்தியிருந்தார். கவனம் கூடிவிட்டது என்று நினைத்தேன். பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரல்மேல் உருண்டுகொண்டே இருக்கும். இந்த ஊரில் எல்லோரும் நூலை விரலில் உருட்டிப் பார்த்துப் பழகியவர்கள்தானே என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது.

எல்லாம் தெரியாமல் செய்தது என்று எழுதினால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். மூன்றாவது மாசம் ஒரு நாள், பெஞ்சில் உருளும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கோயம்புத்தூரில் நான் பை தூக்கிய ஒரு ரிட்டையர்ட் அதிகாரியின் விரல் ஞாபகத்துக்கு வந்தது. இதே உருட்டல். இரண்டு வருஷத்தில் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எழுந்து மோட்டார் ரூமுக்குப் போய்த் தேவையே இல்லாமல் தண்ணீர் திறந்துவிட்டேன். நான் என்ன டாக்டரா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதோடு இன்னொன்றும் இருந்தது. வேலுச்சாமிக்கு மாஸ்டர் சரிசெய்து கொடுத்துவிட்டாராமே என்று மற்ற முதலாளிகள் பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. அதை யார் கெடுத்துக்கொள்வார்கள்?

அந்த மாசமே ஒரு நாள் மாலை வேலுச்சாமியின் மனைவி சிவகாமி அம்மா வந்தார். கம்பெனியில் தைத்து வருகிற உடுப்புகளைச் சரிபார்க்கிற பகுதி முழுக்க அவர் பொறுப்பு. ஆயிரம் பீஸில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்று சொல்வார்கள். காரை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தார். வேலுச்சாமி கிரீனுக்கு அந்தப் பக்கம் மட்டையோடு நின்றுகொண்டிருந்தார். நாற்பதடி இருக்கும். நாங்கள் பேசுவது கேட்காது, முகம் தெரியும்.

"ஏனுங்கண்ணா, சோறு பெசையறப்ப கை நின்னு நின்னு போகுது. சட்டைக்குப் பொத்தான் போட எத்தன நேரமாகுதுங்கறீங்க. டாக்டருகிட்டப் போலாமுன்னா, மாஸ்டர் பாத்துக்கறாருன்னு சொல்லிப்போடறாரு. நீங்கதான தெனமும் அந்தக் கையப் பாக்கறீங்க. கைக்கு ஏதாச்சும் வியாதிங்களா?"

எனக்குப் பதில் சொல்லப் பத்து எண்ணுகிற நேரம் இருந்திருக்கும். வேலுச்சாமி அங்கிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாசம் புதிதாக வந்த ஒரு வெளிநாட்டு ஆர்டருக்கு முதல் வெட்டு. டாக்டரிடம் போங்கள் என்று நான் சொன்னால் அந்தம்மா அப்படியே அவரிடம் போய்ச் சொல்லும், அவர் மனசு அங்கேயே உடைந்துவிடும், இத்தனை மாச உழைப்பும் போய்விடும் என்று நினைத்தேன். அவருக்காகத்தான் யோசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே எனக்காக யோசித்தேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா. பயந்தான். இன்னும் கொஞ்ச நாள் பழகுனா சரியாயிரும்."

அந்தம்மாவின் முகம் தெளிந்தது. ஒரு பெரிய மூச்சு விட்டார். தூரத்திலிருந்த கணவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பழகட்டும் என்று காரில் ஏறிப் போய்விட்டார். கணவருக்குத் தெரியாமல் கோயம்புத்தூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கி வைத்திருந்தாராம். வீட்டுக்குப் போனதும் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்றும் எனக்கு நிச்சயமில்லை.

முதல் வெட்டுக்கு வேலுச்சாமி என்னை வீட்டுக்கே வந்து அழைத்தார். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். கையைச் சரிசெய்து கொடுத்தவர் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். நானும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

காலை ஒன்பது மணி. துணி அடுக்கி விரித்திருந்தது, இளமஞ்சள் நிறம். சூடம் காட்டினார்கள். தையல் மெஷின்கள் எல்லாம் காலியாக இருக்க, இருநூறு பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். சிவகாமி அம்மா எனக்கு எதிர்ப்பக்கம் நின்றார். வேலுச்சாமி திருநீறு பூசிக்கொண்டு, இடது கையை வெறும் கையாகத் துணிமேல் விரித்து அழுத்தி, வலது கையால் கட்டிங் மெஷினைப் பிடித்தார். சுவிட்சைப் போடுவதற்கு முன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

நேர்க்கோட்டில் ஒரு சாண் அழகாகப் போயிற்று. உடுப்பின் கைப்பகுதிக்காக வளைக்க வேண்டிய இடத்தில் அவர் வலது கை நின்றது. மெஷின் அதே இடத்தில் நின்று இரைந்துகொண்டிருந்தது. ஒடிசாப் பெண் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்கு மட்டும் தெரிந்தது. அவர் உதடு அசைந்தது. என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். நிறுத்துங்கள் என்று நான் கத்தியிருக்கலாம். ஒரே ஒரு சொல், பக்கத்தில்தான் நின்றேன். கத்தினால் கை நின்றுவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அவர் நிறுத்தவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடி தள்ளினார். நின்றிருந்த கை ஒரேயடியாக விட்டுக்கொடுத்தது, மெஷின் கோட்டைத் தாண்டி இடது கைக்குப் போனது. மேலே எழுத என்னால் முடியாது. யாரோ சுவிட்சை அணைத்தார்கள். அந்த மஞ்சள் துணி அத்தனையையும் எடுத்துப் போட வேண்டியதாயிற்று.

இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஒட்ட வைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்ட டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். கையெழுத்துப் போடச் சொல்லி வேலுச்சாமியிடம் பேனாவைக் கொடுத்தார். அவர் வலது கையால் போடுவதைப் பார்த்துவிட்டு, இந்தக் கை எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார். பார்த்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் நாலு மாசம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுக்குவாதம் என்று நரம்பு டாக்டர் சொன்னார், நடுங்காமல் இப்படிக் கை நின்றுபோவதும் அதில் உண்டாம். குணமாகிற வியாதி இல்லையாம். மருந்தில் கொஞ்ச காலம் கட்டுக்குள் வைத்திருக்கலாமாம். முன்னாடியே வந்திருந்தால் மெஷின் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருப்பேன் என்றாராம். அப்படியானால் வியாதி இருந்திருக்கும், விரலும் இருந்திருக்கும்.

பத்து நாள் கழித்து ராயபுரத்துக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று தினமும் நினைத்துவிட்டுத்தான் போனேன். திட்டு வாங்கத் தயாராக, திட்டினால் நல்லது என்று நினைத்துக்கொண்டு போனேன். வேலுச்சாமி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். சிவகாமி அம்மா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். டாக்டரிடம் வாங்கி வைத்திருந்த நேரத்தை வேண்டாம் என்று சொன்ன விஷயத்தை அப்போதுதான் சொன்னார். குரலில் கோபமே இல்லை. தையல் குறையால் கழித்துவைத்த ஒரு பீஸைக் காட்டித் தைத்தவரிடம் சொல்வாரே, அந்த மாதிரிச் சொன்னார்.

"நீங்க டாக்டர் இல்லீங்கண்ணா, எனக்குத் தெரியாதுங்களா? தெரியலீங்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னாப் போதுமுங்க. நான் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

காபி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷம் தொழில் செய்து, ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்து, அந்த ஒரு சொல் எனக்கு வாயில் வரவில்லை. உங்களிடம் வருகிறவர்கள் கையை மட்டும் கொண்டுவர மாட்டார்கள். தூக்கம் வராததையும், வீட்டுச் சண்டையையும், நெஞ்சில் சுருக்கென்று குத்துவதையும் சேர்த்துக் கொண்டுவந்து கிரீன் ஓரத்தில் உங்கள் முன்னால் வைப்பார்கள். மாஸ்டர் என்று கூப்பிட்டு மாஸ்டர் என்று கூப்பிட்டு உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று உங்களையே நம்பவைத்துவிடுவார்கள். அப்போது தெரியாது என்று சொல்லுங்கள். டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். ஆள் போனால் போகட்டும், பெயர் போனால் போகட்டும்.

இதோடு நிறுத்திவிட்டால் பட்டுத் திருந்திய மனிதர் என்று என்னைப் பற்றி நினைத்துக்கொள்வீர்கள். அதனால் நிறுத்த மாட்டேன்.

நாங்கள் பேசுகிற சத்தம் கேட்டு வேலுச்சாமி எழுந்து வந்துவிட்டார். இடது கை முழுக்கக் கட்டு. நடை ரொம்பச் சிறுத்திருந்தது, கதவிலிருந்து நாற்காலிக்கு வர எத்தனை அடி வைத்தார் என்று எண்ணிப் பார்க்கலாம். உட்கார்ந்ததும் வலது கட்டைவிரல் உருள ஆரம்பித்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அந்த முகத்தில் இனி ஒன்றும் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். ஆனால் கண் அப்படியேதான் இருந்தது. டாக்டர் சொன்னதையெல்லாம் அவரே எனக்குச் சொன்னார், யாருக்கோ வந்த வியாதி மாதிரிச் சொன்னார். கம்பெனியில் அடுத்த ஆர்டருக்கு இன்னும் யாரும் முதல் வெட்டு வெட்டவில்லை, அவருக்காகக் காத்திருக்கிறார்கள் என்றார். பிறகு என் பக்கம் கொஞ்சம் சாய்ந்தார்.

"மருந்து அது பாட்டுக்கு இருக்கட்டுமுங்க மாஸ்டர். கட்டுப் பிரிச்சதும் நான் வந்தர்றேன். பழகுனா சரியாயிருமில்லீங்க?"

சிவகாமி அம்மா என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டிய சொல்லைக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அவரே எனக்குக் கொடுத்திருந்தார். இப்போது எனக்குச் சந்தேகம்கூட இல்லை, எல்லாம் தெரியும். கெடுவதற்குப் பெயரும் எனக்கு மிச்சமில்லை. வேலுச்சாமி கண்ணை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.

"ஆயிருமுங்க" என்றேன்.

அந்தம்மா என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.